வெள்ளிக் காது

பழனி அடிவாரத்தில் எங்களுக்கு ஒரு கடை இருந்தது. தேங்காய், பழம், விபூதி, சூடம் எல்லாம் விற்றோம். ஆனால் ஆட்கள் எங்கள் கடையைத் தேடி வந்தது வெள்ளித் தகட்டுக்காகத்தான். விரல் நீளத் தகட்டில் கண், காது, கை, கால், நாக்கு என்று தட்டி வைத்திருப்போம். உடம்பில் எது கெட்டுப்போனதோ அதை வாங்கிக்கொண்டுபோய் மலைமேல் முருகனுடைய உண்டியலில் போட வேண்டும். அந்தத் தகட்டுக்கு எங்கள் கடையில் 'உரு' என்று பெயர். அப்பா நான் சிறு பிள்ளையாக இருந்தபோதே காலமாகிவிட்டார். கடையை நடத்தியது அம்மாதான். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் உருப்பெட்டிக்குப் பக்கத்தில் உட்காருவது என் வேலை.

அந்த மரப்பெட்டியில் ஒவ்வொரு உறுப்புக்கும் ஓர் அறை. எந்த அறை எப்போது காலியாகிறது என்று பார்த்துக்கொண்டே வளர்ந்தவள் நான். கால்தான் எப்போதும் முதலில் தீரும். அடுத்தது கண். மலையிலிருந்து பூண்டு மூட்டையோடு இறங்கி வருகிறவர்கள், ஆயக்குடியிலிருந்து கொய்யாக் கூடையோடு வருகிறவர்கள், கிழக்கேயிருந்து வண்டி கட்டி வருகிறவர்கள் என்று ஆளைப் பார்த்ததுமே ஊரைச் சொல்லிவிடுவேன். யாருக்கு வாங்குகிறார்கள் என்பதையும் சொல்லிவிடுவேன். பையனுக்கு என்றால் கடை வாசலில் நின்று வாயை அகலத் திறந்து, "எம்மவனுக்குக் காலு ஒண்ணு குடுங்க" என்று கேட்பார்கள். பெண்ணுக்கு என்றால் பக்கத்துக் கடையில் வளையல் பார்ப்பதுபோல் கொஞ்ச நேரம் நிற்பார்கள். கூட்டம் விலகியதும் வந்து, உதடு அசைந்தும் அசையாமலும், "பக்கத்து வீட்டுக்காரங்க வாங்கியாரச் சொன்னாங்க" என்பார்கள். ஊரிலுள்ள பக்கத்து வீட்டுக்காரர்களுக்கெல்லாம் இத்தனை கஷ்டமா என்று எனக்குச் சிரிப்பு வரும்.

வாயையும் உதட்டையும் பற்றியே பேசுகிறாளே என்று நினைப்பீர்கள். எனக்குக் காது கேட்காது. ஒன்பது வயதில் பத்து நாள் காய்ச்சலில் கிடந்தேன். காய்ச்சல் இறங்கியபோது காதையும் கூட்டிக்கொண்டு இறங்கிவிட்டது. பக்கத்தில் மேளம் அடித்தால் வலது காதில் லேசாக ஓர் அதிர்வு தெரியும், அவ்வளவுதான். பேச்சு போகவில்லை. ஒன்பது வயதுக்குள் ஒரு ஆயுசுக்கு வேண்டியதைப் பேசிப் பழகியிருந்தேன். மற்றவர்கள் சொல்வதை உதட்டைப் பார்த்துப் பிடித்துக்கொள்ள நானாகவே கற்றேன். 'ப'வும் 'ம'வும் உதட்டில் ஒன்றுதான். மிச்சத்தைக் கண்ணையும் புருவத்தையும் பார்த்து ஊகிக்க வேண்டும்.

அம்மாவிடம் மட்டும் ஊகிக்கிற வேலையே கிடையாது. எந்த வேலையில் இருந்தாலும் முகத்தை முழுசாக என் பக்கம் திருப்பிக்கொண்டுதான் பேசுவாள். கழுத்தை மட்டும் திருப்பமாட்டாள், ஆளே திரும்புவாள். எனக்காகத்தான் இப்படி என்று உள்ளுக்குள் எனக்கு ஒரு கர்வம். நான் சத்தமாகப் பேசிவிட்டால் பெட்டிக்கு அடியில் என் காலை மிதிப்பாள். கடையில் உருக்களை விரலால் தடவிப் பார்த்துத்தான் எடுப்பாள். தகட்டின் கனத்தைப் பார்க்கிறாள், வியாபாரத்தில் கெட்டிக்காரி என்று தெருவில் சொல்வார்கள்.

தைப்பூசம் தோறும் எனக்காக அம்மா ஒரு உருப் பொட்டலம் கட்டிக்கொண்டு மலையேறுவாள். எங்கள் பக்கத்தில் இதற்கு ஒரு முறை உண்டு. உரு போட்டாகிவிட்டால் அந்தக் குறை முருகனுடைய பொறுப்பு. அதற்குப் பிறகும் 'எங்கள் வீட்டில் இப்படி ஒரு பிள்ளை இருக்கிறது' என்று வாயால் சொன்னால், கொடுத்ததைத் திருப்பிக் கேட்கிற மாதிரி. அவன்மேல் நம்பிக்கையில்லை என்று ஆகிவிடும். அதனால் யார் கேட்டாலும் அம்மாவின் பதில் ஒன்றுதான்: "எம்மகளுக்கு ஒண்ணும் இல்லைங்க." முருகன் மறந்துவிடக்கூடாதே என்று அடுத்த வருஷமும் போய்ப் போடுவாள். இதில் ஏதோ இடிக்கிறதே என்று நான் கேட்டால் காலை மிதிப்பாள்.

அறுபதுகளின் தொடக்கத்தில் சர்க்கார் ஒரு கணக்கெடுப்பு நடத்தியது. நாட்டில் கண் தெரியாதவர், காது கேளாதவர், வாய் பேசாதவர், கை கால் ஊனமானவர் எத்தனை பேர். அதில் ஆண் எத்தனை, பெண் எத்தனை. டவுனில் எத்தனை, கிராமத்தில் எத்தனை, மலையில் எத்தனை. எல்லா வீட்டுக்கும் போவதில்லை, பட்டியலில் விழுந்த வீடுகளுக்கு மட்டும்தான். வீட்டுப் பெண்களிடம் கேட்க ஒரு பெண் வேண்டும் என்று எங்கள் வட்டாரத்தில் தற்காலிகமாக ஆள் எடுத்தார்கள். நான் எஸ்.எஸ்.எல்.சி. தேறியிருந்தேன். விண்ணப்பித்தேன்.

விண்ணப்பத்தில் 'உடற்குறை ஏதேனும் உண்டா?' என்று ஒரு கேள்வி இருந்தது. 'இல்லை' என்று எழுதினேன். காது கேளாதவர்களை எண்ணுகிற வேலைக்குக் காது கேளாத ஒருத்தியை எடுக்கமாட்டார்கள் என்று தெரியும். நேர்முகத்தில் அதிகாரி ஜன்னல் வெளிச்சத்தைப் பார்த்து உட்கார்ந்திருந்தார், சவரமும் செய்திருந்தார். என் நல்ல நேரம்.

அந்த வேலை எனக்கு வேண்டியிருந்தது. அம்மா ஒட்டன்சத்திரத்துப் பக்கம் ஒரு வரன் பார்த்துக்கொண்டிருந்தாள். தாலி ஏறும் வரை காது விஷயம் மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரியாமல் ஓட்டிவிடலாம் என்பது அவள் திட்டம். ஏறிய பிறகு விளக்கை அணைத்துவிட்டு அந்த மனுஷன் ஏதாவது பேசினால் நான் என்ன செய்வேன் என்று அவள் யோசிக்கவில்லை. நான் யோசித்தேன். சொந்தமாக ஒரு வேலை இருந்தால் அந்த நாடகத்துக்கு வேஷம் கட்ட வேண்டியதில்லை. காது கேட்காது என்று தெரிந்த நாளே வேலையும் போய்விடும் என்பதுதான் எனக்கு இருந்த ஒரே பயம்.

மேற்பார்வையாளர் திண்டுக்கல்காரர், நல்ல மனுஷர். அவரிடம் எனக்குப் பிடிக்காத ஒன்று அவருடைய மீசை. மேலுதட்டை முழுக்க மூடிக் கீழுதட்டையும் எட்டிப் பார்க்கும். முதல் வாரம் அவர் சொன்னதில் பாதியை ஊகித்துத்தான் வேலை பார்த்தேன். 'சரிங்க சார்' என்று தலையாட்டுகிறவளிடம் எந்த அதிகாரியும் திரும்பக் கேட்பதில்லை என்பதை அந்த வாரத்தில் கண்டுகொண்டேன்.

வேலை பழனித் தெருக்களிலிருந்து ஆரம்பித்தது. பட்டியலில் எங்கள் வீடும் விழுந்திருந்தது. மேற்பார்வையாளருக்கு அது என் வீடு என்று தெரியாது, நானும் சொல்லவில்லை. ஒரு மத்தியானம் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தபோது எங்கள் வீட்டுப் படிவத்தை நானே எடுத்து, கண், காது, வாய், கை, கால் எல்லாவற்றுக்கும் நேராக 'இல்லை' என்று எழுதி, 'விசாரித்தவர்' என்ற இடத்தில் கையெழுத்தும் போட்டேன். யாரையும் விசாரிக்கவில்லை. அம்மா குழம்பு ஊற்றிக்கொண்டே என்ன எழுதினாய் என்று கேட்டாள். காட்டினேன். திருப்தியாகத் தலையாட்டினாள்.

அடுத்து ஆயக்குடி. கொய்யாத் தோட்டங்களுக்கு நடுவே வீடு வீடாகப் போனோம். பையன்களைப் பற்றித் தாராளமாகச் சொன்னார்கள். பெண்பிள்ளை என்றதும், "அதெல்லாம் ஒண்ணுமில்லைங்க" என்றார்கள். ஒரு வீட்டில் அப்பாக்காரர் அப்படிச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே கொய்யாக் கூடைகளுக்குப் பின்னால் ஒரு பெண் ஒற்றைக் காலை இழுத்துக்கொண்டு உள்ளே போனாள். நான் பார்த்தேன். நான் பார்த்ததை அவரும் பார்த்தார். சொன்னதைத்தான் எழுத வேண்டும் என்பது உத்தரவு. 'இல்லை' என்று எழுதினேன். சாயங்காலம் மேற்பார்வையாளர் தாள்களைப் புரட்டிவிட்டு, "இந்தப் பக்கத்துப் பொம்பளைங்க குடுத்து வச்சவங்கம்மா. ஒரு குறை கெடையாது" என்றார். மீசையையும் மீறி அது எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. எரிச்சலாக வந்தது. எங்கள் உருப்பெட்டியை ஒரு நாள் திறந்து காட்டினால் இந்த மனுஷர் மயங்கி விழுந்துவிடுவார் என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் சொல்லவில்லை. அந்தப் பேச்சை எடுத்தால் அது சுற்றிச் சுற்றி என் வீட்டு வாசலில் வந்துதான் நிற்கும்.

மார்கழியில் கோடைக்கானல் மலைக்குப் போனோம். வத்தலக்குண்டு வழியாகப் பஸ். பெருமாள்மலையில் டீ குடிக்க இறங்கியபோது கடைக்கார பாய் மப்ளரை மூக்கு வரைக்கும் சுற்றியிருந்தார். என்னைப் பார்த்து ஏதோ கேட்டார். மப்ளர் அசைந்தது, ஒன்றும் தெரியவில்லை. திரும்பி மேற்பார்வையாளரைப் பார்த்தேன். அவரும் ஒரு மப்ளரை எடுத்து மீசை, வாய், மோவாய் எல்லாவற்றையும் சேர்த்துக் கட்டிக்கொண்டிருந்தார். வெயிலில் பிறந்து வளர்ந்தவளுக்கு இது தோன்றவே இல்லை. குளிர் ஊரில் எல்லோரும் வாயை மூடிக்கொள்வார்கள்!

கோடையிலிருந்து கொஞ்ச தூரம் உருளைக்கிழங்கு லாரியிலும் மிச்சத்தை நடந்தும் போளூர் என்கிற மலைக்கிராமத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். பட்டியலில் பதினான்கு வீடு. காலையில் மூடிய பனிமஞ்சு பத்து மணிக்கும் விலகவில்லை. ஒவ்வொரு வீட்டிலும் கம்பளியைத் தலையோடு போர்த்தி, மூக்கு வரைக்கும் இழுத்துக்கொண்டு வந்து நின்றார்கள். இரண்டு கண் மட்டும் தெரியும். நான் மனப்பாடமாகக் கேள்விகளைக் கேட்பேன். தலை இடமும் வலமும் ஆடும். தலையாட்டலைப் படிக்கக் காது எதற்கு? 'இல்லை' என்று எழுதிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போவேன். மேற்பார்வையாளர் பின்னாலேயே வந்துகொண்டிருந்தார். இப்படி ஒன்பது வீடு முடித்துவிட்டேன். பரவாயில்லை, ஒப்பேற்றிவிடலாம் என்று தைரியமும் வந்துவிட்டது.

பத்தாவது வீட்டில் வந்து நின்றவள் தலையாட்டவில்லை. பேசினாள். கம்பளிக்குப் பின்னால் அவள் பேசிக்கொண்டே இருந்தாள். துணி உள்ளே போய் வெளியே வந்தது. கண் நிறைந்து வழியத் தயாராக இருந்தது. நான் கையில் பேனாவோடு மரம் மாதிரி நின்றேன். அவளுக்குப் பின்னால், கூரையில் தொங்கிய பூண்டுக் கட்டுகளுக்குக் கீழே, பன்னிரண்டு வயதுப் பெண் ஒருத்தி நின்றிருந்தாள். அவள் தன் அம்மாவைப் பார்க்கவில்லை. என் கையிலிருந்த தாளையும் பார்க்கவில்லை. என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் உதட்டை அசைத்தால் அவள் கண் அசைந்தது, நிறுத்தினால் நின்றது. அப்படிப் பார்க்கிறவர்களை எனக்குத் தெரியாதா? ஒன்பது வயதிலிருந்து நான் செய்துகொண்டிருக்கிற வேலை அது.

அப்புறம்தான் அம்மாக்காரியின் கண்களை அடையாளம் கண்டேன். இரண்டு வருஷத்துக்கு முன்னால் எங்கள் கடையில் வளையல் பார்ப்பதுபோல் நின்று, பூண்டு வாசனையோடு வந்து, 'பக்கத்து வீட்டுக்காரங்களுக்கு' என்று ஒரு காது வாங்கிப் போனவள்.

'இல்லை' என்று எழுதிவிட்டுப் போயிருக்கலாம். என் வீட்டுக்கு எழுதியவள்தானே. ஆனால் அந்தப் பெண் என் வாயை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. மேற்பார்வையாளர் இரண்டடி பின்னால் நின்றிருந்தார். நான் பேனாவை மூடினேன்.

"எனக்குக் காது கேக்காதும்மா. நீங்க பேசுறது ஒண்ணுமே தெரியல. கம்பளியக் கொஞ்சம் எறக்கிட்டுச் சொல்லுங்க."

என் காலை மிதிக்க அங்கே அம்மா இல்லை. எவ்வளவு சத்தமாகச் சொன்னேனோ, எதிர்வீட்டுக் கோழிகள் சிதறி ஓடின. அடுத்த வீட்டிலிருந்து ஒருவர் எட்டிப் பார்த்தார். மேற்பார்வையாளர் என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியாது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்காவிட்டால் எனக்கு யாரும் எதுவும் சொல்லாத மாதிரிதான். காது இல்லாததில் அப்படி ஒரு சௌகரியம் உண்டு. வேலை போய்விட்டது என்று தெரிந்தது.

அவள் கம்பளியை இறக்கினாள். குளிரில் வெடித்த உதடு.

"டீச்சரம்மாவுக்கா? உங்களுக்கா காது கேக்காது?"

"ஆமாங்க. ஒம்பது வயசுலருந்து."

"எம்மவளுக்கும் அதான் தாயி. பொறந்ததுலருந்தே. பேச்சும் வரல."

"அப்ப மொதல்ல என்ன சொன்னீங்க?"

"இல்லைன்னுதான் சொன்னேன். உருப் போட்டாச்சுல்ல. அவன் கிட்ட விட்டாச்சு. இன்னமும் இருக்குன்னு வாயால சொன்னா அவன நம்பலன்னுல்ல ஆயிரும்." இதைச் சொல்லும்போதும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"எங்க கடையிலதான் வாங்குனீங்க. பக்கத்து வீட்டுக்காரங்களுக்குன்னு."

அவள் திகைத்துப்போய் என்னை உற்றுப் பார்த்தாள். பிறகு வெட்கப்பட்டுக் கையால் வாயைப் பொத்திச் சிரித்தாள். உடனே நினைவு வந்து, நான் பார்ப்பதற்காகக் கையை எடுத்துவிட்டுச் சிரித்தாள்.

அந்த வாசலில் நிற்கும்போதுதான் எனக்குப் பொறி தட்டியது. குறை இருக்கிறதா என்று கேட்டால் இவர்கள் இல்லை என்றுதான் சொல்வார்கள். அது பொய்யும் கிடையாது, அவர்கள் கணக்கில் அது முருகனிடம் போய்விட்டது. ஆனால் உருப் போட்டதைச் சொல்ல யாருக்கும் தயக்கமில்லை. அது செய்த புண்ணியம், பெருமையாகச் சொல்வார்கள். அப்படியானால் கேள்வியை அங்கிருந்து கேட்க வேண்டும். பேனாவைத் திறந்து அவள் மகளை எழுதிக்கொண்டு, முடித்துவிட்ட ஒன்பது வீட்டுக்கும் திரும்ப நடந்து, பிறகு மீதி நாலுக்கும் போனேன். இந்த முறை வாசலிலேயே, எனக்குக் காது கேட்காது, முகத்தைக் காட்டிப் பேசுங்கள் என்று சொல்லிவிட்டு ஒரே கேள்வி கேட்டேன்: "பழனிக்கு என்ன உருப் போட்டீங்க? யாருக்குப் போட்டீங்க?"

கம்பளிகள் இறங்கின. "மருமவளுக்குக் கண்ணு, தாயி." "மூத்தவளுக்குக் காலு. ரெண்டு தரம் போட்டோம், ஒண்ணு கனமாவே போட்டோம்." "நாக்குப் போட்டோம், சின்னக் குட்டிக்கு." ஒரு வீட்டில் கிழவி ஒருத்தி, தனக்குத்தான் போட்டுக்கொண்டதாகச் சொல்லிக் கையை நீட்டிக் காட்டினாள், விரல்கள் மடங்கிப் போயிருந்தன. எந்த வருஷம், எந்தக் கிழமை, எந்தக் கடையில் என்று கேட்காததையும் சொன்னார்கள். பெண் என்ற பத்தி மளமளவென்று நிரம்பியது. என் கை விறைத்துப்போய் எழுத்து கோணியது. எனக்கு ஏனோ சந்தோஷமாக இருந்தது. போகப்போகிற வேலையில் கடைசி நாளாவது ஒழுங்காகச் செய்தோம் என்ற சந்தோஷமாக இருக்கலாம்.

கோடைக்குத் திரும்பும் வழியெல்லாம் மேற்பார்வையாளர் மப்ளரை அவிழ்க்கவில்லை. நானும் அவர் பக்கம் பார்க்கவில்லை. மறுநாள் காலை பெருமாள்மலையில் கீழே போகும் பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது, டீக்கடையில் என் எதிரே வந்து உட்கார்ந்தார். நான் நிமிர்ந்து பார்த்து அசந்துபோனேன். மப்ளர் கழுத்தில் கிடந்தது. மீசையைக் கட்டையாகக் கத்தரித்திருந்தார். அந்த மனுஷருக்கு மேலுதடு என்று ஒன்று இருப்பதை அன்றுதான் பார்த்தேன்.

"என்னம்மா பாக்குற? இந்தக் குளிருக்கு மீசை ஒத்துக்கல" என்றார். பிறகு, "நேத்து அந்த வீட்டு வாசல்ல உம் பின்னாடி நின்னுக்கிட்டு என்னென்னமோ சொல்லிப்புட்டேன். நல்லவேள, உனக்குக் கேக்கல" என்றார்.

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. "வேல போயிருமா சார்?" என்று கேட்டேன்.

"உன் விண்ணப்பத்துல பொய் எழுதியிருக்க. அத நான் மேல எழுதித்தான் ஆகணும், மறைக்க மாட்டேன். நேத்து நீ செஞ்ச சோலியவும் எழுதுவேன். அப்புறம் அவங்க என்ன சொல்றாங்களோ." டீயை ஒரு மிடறு குடித்தார். "படிவத்துல கேள்விய மாத்த நமக்கு அதிகாரம் இல்ல. ஆனா வாயால எப்படிக் கேட்டு வாங்குறதுன்னு ஒரு சட்டமும் இல்ல. எழுதுனதுலயே தப்பா எழுதுன வீடு எத்தன இருக்கும்?"

"ஆயக்குடி பூராம் சார்."

"திரும்பப் போவோம். இந்தப் பக்கம் இத்தன புள்ளைங்க இருக்குன்னு காயிதத்துல இருந்தாத்தான், அதுகளுக்கு ஒரு பள்ளிக்கூடம் வையுங்கன்னு ஒருத்தன் வாயத் திறந்து கேக்க முடியும். பழனியில?"

டீ கிளாஸைக் கீழே வைத்தேன். பிறகு அவர் முகத்தைப் பார்த்தேன். "பழனியில ஒரு வீடு இருக்குங்க சார். எங்க வீடு."

அவர் பையைத் திறந்து, எழுதாத படிவம் ஒன்றை எடுத்து என் முன்னால் வைத்தார்.

பழனியில் தைப்பூசக் கூட்டம் சேர ஆரம்பித்திருந்தது. பஸ்ஸிலிருந்து இறங்கி நேரே கடைக்குப் போனேன். மத்தியான நேரம், கடையில் ஆள் இல்லை. அந்த வருஷத்து உருப் பொட்டலத்தை அம்மா ஏற்கெனவே மஞ்சள் துணியில் கட்டி, முருகன் படத்துக்குக் கீழே வைத்திருந்தாள். படிவத்தை உருப்பெட்டிமேல் விரித்தேன்.

"இந்த வீட்டுலருந்து மலைக்கு என்ன உருப் போட்டீங்க? யாருக்குப் போட்டீங்க?"

அம்மா என் பக்கம் முழுசாகத் திரும்பினாள். "என்னடி இது, வெளாட்டு?"

"வெளாட்டு இல்லம்மா. சர்க்கார் சோலி."

"கிறுக்கி! வரன் வர்ற நேரத்துல இத எழுதுவாங்களா? எழுதிட்டா அழியுமா?"

"அழியாதும்மா. அழிய வேணாம்."

"அவன் கிட்ட விட்டாச்சு. இப்பப் போயி இருக்குன்னு சொன்னா முருகன் என்ன நெனைப்பான்?"

"முருகனுக்குத் தெரியும்மா. சர்க்காருக்குத்தான் தெரியல."

போளூர்ப் பெண்ணைப் பற்றிச் சொன்னேன். அவள் என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றதைச் சொன்னேன். அவள் அம்மா, அழுதுகொண்டே இல்லை என்று சொன்னதைச் சொன்னேன். மேற்பார்வையாளருக்குத் தெரிந்துவிட்டது, வேலை போனாலும் போகும் என்றும் சொன்னேன். சொல்லச் சொல்ல என் சத்தம் ஏறியிருக்க வேண்டும், வளையல் கடைக்காரர் திரும்பிப் பார்த்தார். அம்மா காலை மிதிக்கவில்லை.

"காது" என்றாள் அம்மா. "எம்மகளுக்கு."

எழுதினேன். காது கேளாதவர், பெண், ஒன்று. முடிந்தது என்று பேனாவை மூடப்போனேன். அம்மா என் கையைப் பிடித்தாள்.

"மூடாத. இன்னொண்ணு இருக்கு."

மஞ்சள் துணியை அவிழ்த்துப் பெட்டிமேல் வைத்தாள். உள்ளே ஒரு வெள்ளிக் காது இருந்தது. பக்கத்தில் ஒரு வெள்ளிக் கண்.

"இது யாருக்கு?" என்றேன். எனக்குப் புரியவே இல்லை.

அம்மா தன் வலது கண்ணைத் தொட்டுக் காட்டினாள். "நாலு வருஷமாச்சு. பொக மாதிரி ஆரம்பிச்சது. இப்ப அந்தப் பக்கம் ஒண்ணும் தெரியல. இன்னொண்ணும் மங்கலாத்தான் இருக்கு."

ஊர் ஊராக யாருக்கு என்ன கெட்டிருக்கிறது என்று பெட்டியைப் பார்த்தே சொன்னவள் நான். ஆயக்குடிக்காரரைப் பார்த்து எரிச்சல்பட்டவள் நான். நாலு வருஷமாக ஒரே தட்டில் சாப்பிட்ட அம்மாவின் கண் எனக்குத் தெரியவில்லை. தகட்டைத் தடவி எடுத்தது கெட்டிக்காரத்தனம் என்று நினைத்தேன். ஆளே திரும்பிப் பேசியது எனக்காக மட்டும்தான் என்று நினைத்தேன். வெட்கமாக இருந்தது. அவள் தோளில் முகத்தை வைத்து அழுதேன். அவள் என் முகத்தைப் பிடித்து நிமிர்த்தி, நான் பார்க்கும்படி, "அழுகைய அப்புறம் வச்சுக்க. வெரசா எழுது, ஆளு வருது" என்றாள்.

எழுதினேன். எங்கள் வீட்டில் பெண் இரண்டு.

ஒட்டன்சத்திரத்துக்காரர்களுக்கு அம்மாவே சொல்லி அனுப்பினாள். அதற்குப் பிறகு அவர்கள் வரவில்லை. நான் அழவில்லை, உண்மையைச் சொன்னால் அன்றைக்கு இரண்டு தோசை கூடவே சாப்பிட்டேன். பூசம் முடிந்ததும் அம்மாவை மதுரைக்கு அழைத்துப் போனேன். கண்ணில் புரை விழுந்திருக்கிறது, எடுத்துவிடலாம், நாலு வருஷம் ஏன் சும்மா இருந்தீர்கள் என்று டாக்டர் கேட்டார். அம்மா என்னைப் பார்த்தாள், நான் சுவரைப் பார்த்தேன். கட்டுப் பிரித்துத் தடிமனான கண்ணாடி மாட்டியபோது அவள் முதலில் சொன்னது, "என்னடி இப்படிக் கறுத்துட்ட" என்பதுதான். மலை வெயில் என்றேன்.

என் விண்ணப்பத்தைப் பற்றி மேலிருந்து பதில் வரப் பங்குனி ஆயிற்று. அதுவரை மேற்பார்வையாளர் எனக்கு வேலை கொடுத்துக்கொண்டே இருந்தார். ஆயக்குடியில் கூடைகளுக்குப் பின்னால் ஒளிந்த பெண்ணை, அவள் அப்பாவே கூப்பிட்டு முன்னால் நிறுத்தி எழுதச் சொன்னார். பதில் வந்தபோது, பொய் எழுதியதற்கு ஒரு கண்டிப்பும், பணியைத் தொடரலாம் என்ற உத்தரவும் ஒரே தாளில் இருந்தன. மேற்பார்வையாளர் மறுபடி மீசை வளர்க்கவில்லை.

அந்த ஆடியில் ஒரு நாள் காலை, படிவப் பையோடு பஸ்ஸுக்காக எங்கள் கடைக்கு எதிர்ப்பக்கம் நின்றிருந்தேன். வளையல் கடை முன்னால் ஒரு பெண் நின்று வளையல் பார்த்துக்கொண்டிருந்தாள். எடுத்தாள், வைத்தாள், எதுவும் வாங்கவில்லை. ஆட்கள் விலகியதும் எங்கள் கடைக்குப் போனாள். அவள் முதுகு என் பக்கம் இருந்ததால் கேட்டது என்னவென்று தெரியவில்லை. அம்மா பெட்டிக்குள் பார்த்து, தடவாமல் ஒரு காதை எடுத்து நீட்டினாள். பிறகு மூக்குக் கண்ணாடியை மேலே தள்ளிவிட்டு, தெருவுக்கே கேட்கும்படி வாயை அகலத் திறந்து பேசினாள். இத்தனை தூரத்திலும் எனக்கு ஒரு எழுத்துத் தவறவில்லை.

"எம்மகளுக்குந்தாங்க காது கேக்காது. அந்தா, எதுத்தாப்புல நிக்கிறா பாருங்க. சர்க்கார் வேல பாக்குறா."

அந்தப் பெண் திரும்பி என்னைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். பிறகு அம்மா பக்கம் குனிந்து ஏதோ சொன்னாள். அது எனக்குத் தெரியவில்லை. அம்மா அவளிடம் கேட்டது மட்டும் தெரிந்தது.

"உங்க மகளா? எத்தன வயசு?"